வியாழக்கிழமை இன்பத்துக்கு வரிவிலக்கு

மனித குலம் மரணத்தை வென்ற ஆண்டு 2058. அந்த ஆண்டுதான் நினைவுப் பேழை புழக்கத்துக்கு வந்தது. காதுக்குப் பின்னால் மிளகளவு ஒரு பொருள். கண்டதும் கேட்டதும், அந்தந்த நொடியில் மனம் பட்ட சுகதுக்கமும் அதில் பதிந்துவிடும். ஆள் போன பிறகு வாரிசுகள் ஒரு கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, அப்பா வாழ்ந்ததை அப்பாவாகவே இருந்து வாழ்ந்து பார்க்கலாம். இனி யாரும் சாவதில்லை என்று உலகத் தலைவர்கள் கண்கலங்கப் பேசினார்கள்.

நம் அரசு இதற்கு வரி போட மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதில் இரண்டரை ஆண்டுகள் படிவத்தின் நிறத்தை முடிவு செய்யப் போனது. கடைசியில் வெளிர்பச்சை.

சட்டம் எளிமையானது. தந்தை விட்டுச் சென்ற வீடு, நிலம் போல அவர் விட்டுச் சென்ற இன்பமும் சொத்து. துன்பம் சொத்தல்ல, அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இன்பத்தை அளக்க முறுவல் என்று ஓர் அளவு வைத்தார்கள். காலையில் காப்பியின் முதல் வாய் தொண்டையில் இறங்கும்போது வரும் சந்தோஷம் ஒரு முறுவல். பத்தாயிரம் முறுவல் வரை வரியில்லை. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இருநூறு ரூபாய். குடும்பத்தால் விளைந்த இன்பத்துக்கு முழு விலக்கு. வேண்டாம் என்று பேழையை அரசிடமே ஒப்படைத்துவிட்டால் வரியே இல்லை.

கோபிசெட்டிபாளையத்தில் டாக்டர் தனசேகர பூபதி எண்பத்திரண்டாம் வயதில் காலமானபோது அவருடைய மகள் தன்யஸ்ரீ அப்படி ஒப்படைத்துவிடத்தான் நினைத்தாள். அதற்குள் அண்ணன் நிகில்வர்ஷன் போஸ்டர் ஒட்டிவிட்டார்.

காகிதத்தில் அச்சடிப்பதே நின்றுபோன காலத்திலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மட்டும் சிறப்பு அனுமதி இருந்தது. அதை நிறுத்தும் துணிச்சல் எந்த அரசுக்கும் வரவில்லை. நிகில்வர்ஷன் நாலாயிரம் அடித்தார். பவானி முதல் சத்தி வரை ஒரு சுவர் பாக்கியில்லை. 'கல்வித் தந்தை, கொடை வள்ளல், மேடை வேங்கை, இல்லறச் செம்மல், வாழ்வாங்கு வாழ்ந்து மகிழ்ந்த எங்கள் வேந்தர்' என்று மேலே. கீழே, பெற்ற அய்யனின் படத்தைவிட ஒரு சுற்றுப் பெரியதாக, கைகூப்பிய நிகில்வர்ஷன்.

பன்னிரண்டாம் நாள் நினைவு மரபுரிமை வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சட்டத்தின் ஒன்பதாம் பிரிவின்படி, இறந்தவரைப் பற்றி வாரிசுகள் பொதுச் சுவரில் அறிவித்த மகிழ்ச்சிகளும் பெருமைகளும் அவர்களே ஒப்புக்கொண்டு ஏற்ற சொத்தாகும். இனி ஒப்படைக்க முடியாது. போஸ்டரில் உள்ளபடி உத்தேச மதிப்பு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் முறுவல். கட்ட வேண்டிய வரி இரண்டு கோடி.

பூபதியாருக்கு இருந்தது ஒரே வீடு. அவர் தொடங்கி நடத்திய பாலிடெக்னிக் எப்போதோ அறக்கட்டளையின் பேருக்கும், அங்கிருந்து வங்கியின் பிடிக்கும் போயிருந்தது. வீட்டை விற்றாலும் இரண்டு கோடிக்குக் கொஞ்சம் குறையும். அந்த வீட்டில்தான் தன்யஸ்ரீ பதினோரு வருடமாக இருந்தாள். கட்டிய புருஷனோடு சரிப்படாமல் நாற்பது வயதில் திரும்பி வந்தவள், அய்யனுக்குச் சோறாக்கிப் போட்டு, மருந்து எடுத்துக் கொடுத்து, கடைசி நாள் வரை கூடவே இருந்தாள். ஐம்பத்தொரு வயதில் வேறு போக்கிடம் கிடையாது.

வழி ஒன்று இருந்தது. பேழையையே திறந்து, போஸ்டரில் சொன்ன அளவுக்கு அவர் மகிழ்ச்சியாக இருக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

ஈரோட்டு அலுவலகத்தில் விசாரணைக்கு உட்கார்ந்தவர் தேமொழி என்கிற அதிகாரி. முப்பது வயதிருக்கும். எதிரே அண்ணனும் தங்கையும். மேசைமேல் ஒரு திரை. அதில் பூபதியாரின் கடைசிப் பதினாறு வருட வாழ்க்கை ஒரு கோடாக ஓடியது. கோடு மேலே போனால் இன்பம், கீழே போனால் துன்பம். அதிகாரிக்குக் கோடும், பேழை தானாக எழுதும் ஒரு வரிக் குறிப்பும் மட்டும்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை வாரிசுக்கே உண்டு.

முதலில் மேடை வேங்கை. முந்நூற்றுப் பன்னிரண்டு கூட்டங்கள். தேமொழி கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினார். மேடை ஏறும்போது சிறு மேடு. உட்கார்ந்த பிறகு சமதரை. பேச எழுந்ததும் சரசரவென்று பள்ளம்.

"பயம்னு பதிவாயிருக்கு சார். கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்றதைப் பாத்து வந்த பயம். பயத்துக்கு வரி கிடையாது. முந்நூத்திப் பன்னெண்டும் விலக்கு."

தன்யஸ்ரீ பெருமூச்சு விட்டாள். நிகில்வர்ஷனுக்கு முகம் சிவந்தது. ஐம்பத்தாறு வயது. பாலிடெக்னிக்கின் தாளாளர். இளைய வேந்தர் என்று தமக்குத் தாமே பட்டம் கொடுத்துக்கொண்டு, கொடுத்தவர் பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றுபவர்.

"அதெப்படீங்க மேடம்? எங்கய்யன் மைக்கைப் புடிச்சா விடமாட்டாருங்க. சந்தோசமில்லாமயா புடிச்சிருப்பாரு?"

விடத் தெரியாமல் பிடித்திருந்ததாகக் குறிப்பு சொல்கிறது என்று தேமொழி தாழ்ந்த குரலில் படித்துக் காட்டினார்.

அடுத்தது டாக்டர் பட்டம். கடல்கடந்த ஒரு பல்கலைக்கழகம் கோவையில் ஒரு ஓட்டலுக்கு வந்து, வாடகை அங்கியும் தொப்பியும் போர்த்திக் கொடுத்த பட்டம். விழா நடந்த இரண்டரை மணி நேரமும் கோடு பாதாளத்தில் கிடந்தது. புதுச் செருப்பு கடித்திருக்கிறது. உடல் உபாதை என்ற வகையில் அது விலக்கானது. அன்றைக்குப் பந்தலுக்கும் பரிவாரத்துக்கும் தம் கையிலிருந்து ஆன செலவை நினைத்து நிகில்வர்ஷனுக்கும் கோடு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் விடவில்லை. பட்டத்துக்காவது வரி போடும்படி கேட்டார். பதினோராயிரம் முறுவலாவது போடுங்கள், கட்டிவிடுகிறோம் என்றார். தன்யஸ்ரீ மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

தேமொழி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"எட்டு வருஷ சர்வீஸ் சார் எனக்கு. வரி போடுங்கன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

கொடை வள்ளல் விவகாரம் இதைவிட மோசம். ஏழை மாணவர்கள் முப்பது பேருக்கு ஒரு வருடம் இலவசமாக இடம் கொடுத்திருந்தார் பூபதியார். அதற்குப் பத்திரிகையில் படம் வந்தது. கோடு அன்றைக்கு இறங்கிய ஆழம், அவருடைய மனைவி இறந்த நாளுக்கு அடுத்தபடியான ஆழம். துயரம் என்ற வகையில் முழு விலக்கு. பாலிடெக்னிக் வெள்ளிவிழா அஜீரணத்தில் கழிந்தது. கல்வித் தந்தை என்ற தலைப்பின் கீழ் மொத்தமாகக் கிடைத்தது நாற்பத்தொரு முறுவல். அதுவும் ஒருநாள் கல்லூரிக்கு எதிர்பாராமல் விடுமுறை விட்டபோது வந்தது.

இல்லறச் செம்மலில் மட்டும் கொஞ்சம் தேறியது. மனைவி உயிரோடிருந்த கடைசி நாலு வருடம் சிறுசிறு மேடுகள், அன்றாடம். அவர்கள் சண்டை போட்ட நாட்களில் மேடு சற்று அதிகம். எல்லாம் குடும்ப இன்பம், வரியில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் போஸ்டரில் ஒரு வரியும் நிற்கவில்லை. தேமொழி கூட்டிப் பார்த்தார். வரிக்குரிய இன்பம் நாலாயிரத்துச் சில்லறை. வரம்புக்குள். வீடு தப்பித்தது.

தன்யஸ்ரீ கைப்பையை எடுத்தாள். தேமொழி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஒண்ணு பாக்கி இருக்கும்மா. இது போஸ்டர்ல இல்ல. பேழையிலதான் இருக்கு."

திரையில் கோடு புதிதாக விரிந்தது. வாரத்துக்கு ஒரு முறை, கோபுரம் போல ஒரு மேடு. மேடுகள் வரிசையாக, பதினோரு வருடம். எல்லாம் வியாழக்கிழமை. மாலை நாலு ஐந்துக்குத் தொடங்கி, முதல் நாலைந்து வருடம் ஆறுக்கும் பிறகு ஐந்து ஐம்பதுக்கும் சட்டென்று முடிகிறது. மழைக்கும் விடுமுறைக்கும் போக ஐந்நூற்று நாற்பது வாரம். வாரத்துக்குச் சராசரி நூற்றுப்பத்து முறுவல். மொத்தம் ஐம்பத்தொன்பதாயிரத்து நானூறு. குறிப்பு இருக்கவேண்டிய இடத்தில் 'சுகம்' என்ற ஒரே சொல் ஐந்நூற்று நாற்பது தடவை.

தேமொழி விதியை விளக்கினார். குடும்பத்தால் விளைந்த இன்பம் என்றால் விலக்கு. வெளியே விளைந்தது என்றால் வரி ஒரு கோடிக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். எது என்று உள்ளே போய்ப் பார்த்து வாரிசு எழுதிக் கொடுக்க வேண்டும். பார்க்க விருப்பமில்லை என்றால் வெளி இன்பமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

நிகில்வர்ஷன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"இதைத் திறக்க வேண்டாமுங்க மேடம். வரியையே போட்டுருங்க. வித்துக் கட்டிர்றோம்."

"எதைங்கண்ணா வித்து?" என்றாள் தன்யஸ்ரீ.

"வீட்டைத்தான். வேற என்ன இருக்குது?"

"அப்ப நான் எங்க போறது?"

தம் வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடப்பதாக அவர் சொன்னார். அது சும்மா கிடக்கவில்லை, பழைய பிளக்ஸ் பேனர்கள் கிடக்கின்றன, நடுவில் படுக்க இடமில்லை என்று தன்யஸ்ரீ சொன்னாள். அவர் தேமொழியைப் பார்த்தார், பிறகு தங்கையிடம் குனிந்து மெல்லச் சொன்னார்.

"கொஞ்சம் புரிஞ்சுக்க அம்மிணி. வாராவாரம், ஒரே கிழமை, ஒரே நேரம். அம்மா போனதுக்கப்புறம். என்னவா இருக்கும்? ஊரெல்லாம் இல்லறச் செம்மல்னு ஒட்டி வச்சிருக்கறேன்."

"ஒட்டுனது நீங்க. வீட்டை வுட்டுப் போறது நானா?"

அவளுக்கும் அதே நினைப்புதான். ஆனால் அவளுக்கு இன்னொன்றும் தெரியும். வியாழக்கிழமை நாலு மணி என்பது அவளுடைய நேரம். பதினோரு வருடத்தில் அவள் அய்யனைத் தனியாக விட்டுவிட்டுத் தனக்கென்று போனது அது ஒன்றுக்குத்தான். நகராட்சிக் குளத்தில் பெண்களுக்கான நீச்சல் வகுப்பு. நாலுக்குப் போய் ஆறுக்குத் திரும்பிவிடுவாள். வயதான மனிதரைத் தனியே விட்டோமே என்று ஒவ்வொரு வாரமும் குற்றவுணர்ச்சியோடு நீந்தினாள். தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் ஓடிவருவாள். ஆக, தான் தண்ணீரில் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டுக்கு யாரோ வந்துபோயிருக்கிறார்கள்.

ஒரு வாரிசின் கையெழுத்துப் போதும். அவள் போட்டாள். நிகில்வர்ஷன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கவசத்தை மாட்டியதும் தன்யஸ்ரீ கூடத்து நாற்காலியில் அய்யனாக உட்கார்ந்திருந்தாள். வாசலில் தான் செருப்பு மாட்டுவது தெரிந்தது. துண்டுப் பையோடு தான் கேட்டைத் திறப்பது தெரிந்தது. தெருமுனையில் தான் திரும்பி மறைந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ விரிந்தது. பெரிய பந்தல் ஒன்றைப் பிரித்து வெயில் உள்ளே வந்ததுபோல அப்படியொரு விரிவு. தன் வாழ்நாளில் அவள் பட்டறியாத சந்தோஷம். யாரும் வரவில்லை. அவர் எழுந்து கதவைத் தாழ் போட்டார்.

ஐந்து நிமிடத்தில் அவள் கவசத்தைக் கழற்றினாள். தண்ணீர் கேட்டாள். குடித்தாள்.

"யாரு?" என்றார் நிகில்வர்ஷன், சுவரைப் பார்த்தபடியே.

"யாருமில்ல."

"யாருமில்லாம எப்படி அத்தனை சந்தோசம்?"

"யாருமில்லாததுதான் சந்தோசம். நான் இல்லாதது."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது தனக்கே கேட்டது போல இருந்தது. ஓடிவந்து ஈரத்தலையோடு கதவைத் தட்டும்போதெல்லாம் அய்யன் திறந்து, "அதுக்குள்ள வந்துட்டியா கண்ணு?" என்பார். பாவம், நம்மைத் தேடியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். அதற்காகவே கடைசி ஆறேழு வருடம் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி வந்தாள். ஐந்து ஐம்பதுக்கு.

தேமொழி படிவத்தின் பின்பக்கத்து விதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். சட்டம் குடும்பத்தார் கூட இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. காரணமாக இருந்தால் போதும். மகள் வெளியே போனதால் விளைந்த இன்பம் என்று எழுதிக் கொடுத்தால் அது குடும்ப இன்பம்தான். முழு விலக்கு. வீடு நிற்கும்.

"நானே எழுதோணுங்களா?"

"உங்க கையாலதான்மா எழுதணும்."

வெளிர்பச்சைப் படிவத்தில் 'இன்பத்தின் காரணம்' என்ற கட்டத்துக்கு எதிரே தன்யஸ்ரீ எழுதினாள்: மகள் வீட்டில் இல்லாமை. எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டது. நிகில்வர்ஷன் இப்போது திரும்பி வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றியது. மேடையில்லாமல் பேசிப் பழக்கமில்லாததால் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். பிறகு பேனாவை வாங்கிப் பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த கட்டம் 'இன்பத்தின்போது செய்த செயல்'. அவள் பேனாவோடு அப்படியே இருந்தாள்.

"இதை வுட்டுறலாமுங்களா?"

"விட்டா திருப்பி அனுப்பிருவாங்கம்மா."

தன்யஸ்ரீயின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நிகில்வர்ஷன் அவள் முதுகில் கை வைத்தார். அவள் அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வேறு. பிறகு ஒரே மூச்சில் எழுதிப் படிவத்தையும் பேனாவையும் அண்ணன் பக்கம் நகர்த்தினாள். அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

கதவைத் தாழ் போட்டதும் அய்யன் வேட்டியை அவிழ்த்து நாலாக மடித்து நாற்காலிமேல் வைத்தார். சட்டையை அதன்மேல் வைத்தார். உள்ளே உடுத்தியதையும் வைத்தார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாளாளராக இருந்த காலத்தில் பாலிடெக்னிக் பட்டறைக்கு ஆய்வுக்குப் போன அதே நடையில், மின்விசிறியின் கீழே கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஐந்து ஐம்பது வரை. வாரந்தவறாமல்.

"இதைப் பெத்த புள்ள முன்னாடி செய்ய முடியுங்களா மேடம்?" என்றாள் தன்யஸ்ரீ. யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை அது. "நான் மகளாப் போயிட்டேன். அதான். வேற ஒண்ணுமில்ல."

மகனாக இருந்தாலும் முடியாது என்று நிகில்வர்ஷன் முணுமுணுத்தார். சற்றுப் பொறுத்து, இந்தப் படிவத்தை ஊரில் யாரும் பார்ப்பார்களா என்று விசாரித்தார். கேட்டால் யாருக்கும் நகல் கொடுக்கப்படும், கட்டணம் பத்து ரூபாய் என்றார் தேமொழி.

கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. இடம் பிறர் பார்வைக்கு உட்பட்டதா? ஆம் என்றால் அது மேடை இன்பமாகிவிடும் என்று தேமொழி எச்சரித்தார். வெளியாள் ஒருத்தர் பார்த்திருந்தாலும் சட்டப்படி அது மேடைதான். விலக்கு போய்விடும், முழு வரி.

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேனா நிகில்வர்ஷனின் கையில் இருந்தது. நாலாயிரம் சுவரில் அய்யனை ஊருக்குக் காட்டியவர் 'இல்லை' என்று எழுதித் தேதி போட்டார்.

கூடத்தில் தெருவைப் பார்த்து ஆளுயரச் சன்னல் ஒன்று இருக்கிறது. அதற்குத் திரை கிடையாது.